மூளையைக் குறிவைக்கும் ஆயுதங்கள்: நிலாவெளி மாணவிக்கு ஒரு மயக்க மருந்து வைத்தியரின் பதில்

கேள்வி: "மூளையைத் தாக்கும் ஆயுதங்கள் உண்மையிலேயே இருக்கின்றனவா, அல்லது வட்ஸ்அப்பில் சுற்றும் கதைகள்தானா? ஆட்களைக் கொல்லாமல் மயக்கிப் பிடிக்க முடிந்தால் போர் கொஞ்சமாவது இரக்கமுள்ளதாக மாறாதா? நரம்பியல் படிக்க ஆசைப்படும் நான் இதை நினைத்துப் பயப்பட வேண்டுமா?" (நிலாவெளியிலிருந்து உயர்தர உயிரியல் படிக்கும் மாணவி ஒருவர்)

மகள், உங்கள் மூன்று கேள்விகளில் நடுவில் இருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நல்ல மனத்தோடு கேட்டிருக்கிறீர்கள். போரைப் பார்த்த மாவட்டத்தில் வளர்ந்த பிள்ளை, இரத்தம் சிந்தாத வழி ஒன்று இருக்காதா என்று தேடுவது இயல்பு. ஆனால் நான் இருபத்தெட்டு வருடங்கள் மனிதரை மயக்குவதையே தொழிலாகச் செய்தவன். கந்தளாயிலிருந்தும் மூதூரிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் வந்தவர்களைச் சத்திரசிகிச்சை மேசையில் படுக்கவைத்து, அவர்களுடைய உணர்வை எடுத்து, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கொல்லாமல் மயக்கும் ஆயுதம் என்று ஒன்று இல்லை. இனி வரும் என்றும் நான் நம்பவில்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

மயக்கம் கொடுப்பது ஊசியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடும் வேலை இல்லை. நோயாளியின் நிறை, வயது, ஈரலின் நிலை, இழுப்பு இருக்கிறதா, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்றெல்லாம் முன்னதாகவே கேட்டு எழுதிக்கொள்வோம். பெண்டனில் என்ற மருந்தை மைக்ரோகிராம் கணக்கில் கொடுப்போம். மோர்பினைவிட ஏறத்தாழ நூறு மடங்கு வீரியமானது அது. வலியை அணைக்க அது பற்றிக்கொள்ளும் அதே வாங்கிகள், அதாவது கலத்தின் மேல் மருந்து ஒட்டும் இடங்கள், மூச்சை நடத்தும் மூளைத்தண்டுக் கலங்களிலும் இருக்கின்றன. நீள்வளைய மையவிழையம் என்று நீங்கள் பாடப்புத்தகத்தில் படிக்கும் இடம்தான். ஆகவே வலி போகும்போது மூச்சும் மெதுவாகிறது. உணர்வு போனதும் நாக்கின் அடி பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கிறது. அந்த நேரத்தில் தாடையை முன்னால் தூக்கிப் பிடிக்க ஒரு கை வேண்டும். சில நிமிடங்கள் அந்தக் கை இல்லாவிட்டால், உடலில் ஒரு கீறல்கூட இல்லாமல் மனிதர் இறந்துவிடுவார். மயங்குவதற்கும் மூச்சு நிற்பதற்கும் இடையில் உள்ள தூரம் அவ்வளவு குறுகியது. என் தொழில் முழுவதும் அந்தக் குறுகிய இடத்தில்தான் நடந்தது.

இப்போது மொஸ்கோவை எடுத்துக்கொள்வோம். 2002 ஒக்டோபர் 23ஆம் திகதி இரவு, துப்ரோவ்கா அரங்கில் இசை நாடகம் நடந்துகொண்டிருந்தபோது செச்சென் ஆயுததாரிகள் நாற்பது பேரளவில் உள்ளே புகுந்து, எண்ணூறுக்கும் அதிகமானோரைப் பணயக்கைதிகளாகப் பிடித்தனர். 26ஆம் திகதி விடியற்காலையில் ரஷ்யப் படைகள் காற்றோட்ட அமைப்பு வழியாக ஒரு மயக்க மருந்தைப் புகையாக உள்ளே செலுத்தின. ஆயுததாரிகள் அனைவரும் கொல்லப்பட்டனர். பணயக்கைதிகளில் 130 பேர் இறந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது துப்பாக்கிக் குண்டு அல்ல, அந்தப் புகை.

என்ன மருந்து என்பதை அரசு உடனே சொல்லவில்லை. பெண்டனில் வழிவந்த ஒன்று என்று சுகாதார அமைச்சர் சில நாட்கள் கழித்துச் சொன்னார். பத்து வருடங்களுக்குப் பிறகு, உயிர் தப்பிய பிரித்தானியர்களின் உடைகளையும் சிறுநீரையும் ஆராய்ந்த அந்நாட்டு அரச ஆய்வுகூடம், கார்பெண்டனில், ரெமிபெண்டனில் ஆகிய இரண்டின் தடயங்களைக் கண்டதாக 2012இல் வெளியிட்டது. கார்பெண்டனில் யானை போன்ற பெரிய விலங்குகளை வீழ்த்தப் பயன்படும் மருந்து.

அந்த அரங்கத்தை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். காற்றுக்குழாயின் வாய்க்கு நேர் கீழே இருந்தவர் ஒரு நிமிடத்தில் உள்ளிழுத்த அளவும், தூரத்து மூலையில் இருந்தவர் பத்து நிமிடத்தில் இழுத்த அளவும் ஒன்றாகுமா? சிறு பிள்ளையும் பெரிய மனிதரும் ஒரே காற்றைச் சுவாசித்தார்கள். இரண்டு நாட்களுக்கு மேலாகச் சரியான உணவும் உறக்கமும் இல்லாமல் இருந்தவர்கள் எல்லோரும். ஆயுதத்தைப் பிடித்திருப்பவர் உடனே விழ வேண்டுமென்றால் அளவைக் கூட்டத்தான் வேண்டும். கூட்டிய அளவு அதே காற்றில் பிள்ளைக்கும் போகும். எந்த மருந்தை எடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. 2007இல் பிரித்தானிய மருத்துவச் சங்கம், மருந்துகளை ஆயுதமாக்குவது பற்றிய தன் அறிக்கையில் இதையே சொன்னது: சண்டை நடக்கும் இடத்தில் உயிரிழப்பு இல்லாமல் ஆட்களைச் செயலிழக்கச் செய்யும் மருந்து இல்லை, அண்மையில் உருவாகவும் போவதில்லை.

வெளியே காத்திருந்த வைத்தியர்களுக்கு என்ன மருந்து என்று சொல்லப்படவில்லை. தூக்கிவரப்பட்டவர்களில் பலரை மல்லாக்கக் கிடத்தினார்கள். பஸ் இருக்கைகளில் தலை தொங்கச் சாய்த்து ஏற்றினார்கள். என் தொழிலில் இருக்கும் எவரும் அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. கை தானாகத் தாடையைத் தேடிப் போகும். 2011இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் இந்த வழக்கில் தீர்ப்பளித்தபோது, மருந்தைப் பயன்படுத்திய முடிவு வாழ்வுரிமையை மீறவில்லை, மீட்பையும் மருத்துவ உதவியையும் சரியாகத் திட்டமிடாததே மீறல் என்றது. நீதிபதிகளால் அந்த இரண்டையும் பிரிக்க முடிந்தது. என்னால் முடியவில்லை. எண்ணூறு பேரை ஒரே நேரத்தில் மயக்கினால் எண்ணூறு தாடைகளுக்கு எண்ணூறு கைகள் வேண்டும். உலகத்தின் எந்த நகரத்திலும் அது கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் தெரிந்திருப்பது நல்லது. 1997இல் நடைமுறைக்கு வந்த இரசாயன ஆயுத உடன்படிக்கை, மரணத்தை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்வதும் அதன் வரையறைக்குள் வருகிறது. இலங்கையும் அதில் ஒரு தரப்பு. ஆனால் சட்டம் ஒழுங்கைக் காக்கும் தேவைக்கு என்று அதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. மொஸ்கோவில் நடந்தது போரா, பொலிஸ் வேலையா என்ற வாதம் அந்த ஓட்டைக்குள்தான் நுழைந்தது. மத்திய நரம்புத் தொகுதியைப் பாதிக்கும் இரசாயனங்களைப் புகையாகவோ தூவலாகவோ பரப்புவது அந்த விதிவிலக்குக்குள் வராது என்று உறுப்பு நாடுகள் 2021 டிசம்பரில் வாக்கெடுப்பில் முடிவுசெய்தன. எதிர்த்து வாக்களித்த நாடுகளும் உண்டு. பத்தொன்பது வருடங்கள் தாமதம். ஆனாலும் அந்த முடிவைப் படித்த அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

காற்று யாருக்கும் கட்டுப்படாது என்பதை அறிய மொஸ்கோவுக்குப் போகவே வேண்டியதில்லை. 1990 ஜூனில், மட்டக்களப்புப் பக்கம் கிரான் இராணுவ முகாமைத் தாக்கிய விடுதலைப் புலிகள் குளோரின் வாயுவைப் பயன்படுத்தினார்கள். காற்றுத் திரும்பியதும் வாயு அவர்கள் இருந்த பக்கமே வந்தது. குளோரின் சுவாசப்பையை எரிப்பது, மூளையைத் தாக்குவதல்ல. ஆனால் இரசாயனத்தை ஆயுதமாக்கும் எண்ணம் தூர தேசங்களில் மட்டும் பிறக்கவில்லை என்பதை நாம் மறைக்கக் கூடாது.

இனி உங்கள் முதல் கேள்வி. மூளையைத் தாக்கும் ஆயுதங்கள் இருக்கின்றனவா? இருக்கின்றன, எண்பது வருடங்களுக்கு மேலாக. அவற்றை விளங்கிக்கொள்ள எங்கள் வைத்தியசாலை விடுதியின் ஒரே ஒரு கட்டில் போதும்.

வயல் வேலைக் காலத்தில், பயிர்ப் பூச்சிக்கு அடிக்கும் கிருமிநாசினி உடலில் ஏறியவர்கள் அந்தக் கட்டிலுக்கு வருவார்கள். வாயில் நுரை, கண்மணி குண்டூசித் தலையளவு, உடல் முழுவதும் வியர்வை, தசைகள் துடிக்கும், நெஞ்சில் சளி நிரம்பி மூச்சுத் திணறும். நரம்பிணைப்பில் சமிக்ஞையைக் கடத்தும் அசற்றைல்கோலினை உடைக்கும் நொதியத்தை அந்த ஒகனோபொசுபேற்று நஞ்சு முடக்கிவிடுகிறது. சமிக்ஞை அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. 1936இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற வேதியியலாளர் பூச்சிகளைக் கொல்ல இந்தக் குடும்பத்தைத்தான் ஆராய்ந்தார். தாபுன் என்ற நரம்பு நஞ்சு அந்த ஆராய்ச்சியில் பிறந்தது. இரண்டு வருடங்களில் சரின் வந்தது. 1995 மார்ச் 20ஆம் திகதி டோக்கியோ சுரங்க ரயிலிலும், 2013 ஓகஸ்டில் சிரியாவின் கூட்டாவிலும் மக்களைக் கொன்றது அதே சரின். கந்தளாய் வயலில் தெளிக்கப்பட்டது அதன் வீரியம் குறைந்த தம்பி.

அந்தக் கட்டிலில் நாங்கள் கொடுக்கும் மாற்று மருந்து அட்ரோபின். நெஞ்சுச் சளி வற்றும்வரை, இதயத் துடிப்பு எண்பதைத் தாண்டும்வரை கொடுத்துக்கொண்டே இருப்போம். கொஞ்சம் கூடிவிட்டால் வேறொரு கூத்து ஆரம்பிக்கும். நோயாளி காற்றில் இல்லாத நூலைப் பிடித்து இழுப்பார். படுக்கை விரிப்பைக் கிள்ளிக்கொண்டே இருப்பார். இறந்துபோன தாயோடு பேசுவார். ஊமத்தங்காய் தின்றவர் படும் பாடு அது. ஊமத்தையில் இருப்பதும் அட்ரோபினும் அதன் உறவுகளும்தான். அமெரிக்க இராணுவம் 1960களில் பிஇசட் என்ற பெயரில் குண்டுக்குள் அடைத்து வைத்தது இந்த வகைப் பொருள் ஒன்றை. அட்ரோபின் தடுக்கும் அதே வாங்கிகளைத் தடுத்து, மனிதரை இரண்டு மூன்று நாட்களுக்குப் பித்தராக்கக்கூடியது. மேரிலாந்தின் எட்ஜ்வுட் இராணுவக் களத்தில் 1955க்கும் 1975க்கும் இடையில் ஏறத்தாழ 7,000 படைவீரர்கள் மீது இப்படியான பொருட்கள் பரிசோதிக்கப்பட்டன. தன்னார்வலர்கள் என்றார்கள். ஆனால் உடலுக்குள் போவது என்ன மருந்து என்று பலருக்குச் சொல்லவில்லை. பிஇசட் கையிருப்பைப் பின்னர் அவர்களே அழித்தார்கள். இரசாயன ஆயுத உடன்படிக்கையின் பட்டியலிலும் அது இருக்கிறது.

ஒரே கட்டில். நஞ்சு சரினின் உறவு, மருந்து பிஇசட்டின் உறவு. இரண்டையும் ஒரு மனிதரின் உடலில் எதிரெதிராக நிறுத்தி, இரவு முழுக்கக் கண்மணியையும் நாடியையும் பார்த்துப் பார்த்து நாங்கள் உயிரைக் காப்பாற்றியிருக்கிறோம். மூலக்கூற்றைப் பார்த்து இது நல்லது, இது கெட்டது என்று பிரிக்க முடியாது. பக்கத்தில் யார் இருக்கிறார், அவருக்கு நோயாளியின் மேல் பொறுப்பு இருக்கிறதா, நோயாளியால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்று பார்க்கிறேன். மூளை சம்பந்தமான எந்த இராணுவக் கருவியைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் இந்த மூன்றையும்தான் முதலில் கேட்கிறேன்.

குண்டுபட்டவருக்குத் தான் யார் என்பது தெரியும். ஆயுதத்தைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்க முடியும். போர்ச் சட்டம் முழுவதும், எதிரியால் சரணடைய முடியும் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டிருக்கிறது. பித்துப் பிடிக்கச் செய்யப்பட்ட படைவீரருக்கு வெள்ளைக் கொடியும் தெரியாது, தன் தோழனும் தெரியாது, எதிரே நிற்பது குழந்தை என்பதும் தெரியாது. அவரை நீங்கள் எப்படிச் சரணடையச் சொல்வீர்கள்? தன்னையே அறியாமல் அவர் சுட்ட குண்டுக்கு யாரை விசாரிப்பீர்கள்? மூளையைக் குறிவைக்கும் ஆயுதம் எனக்குக் கூடுதல் அருவருப்பைத் தருவதற்குக் காரணம் இது.

வட்ஸ்அப் கதைகளுக்கு வருகிறேன். கண்ணுக்குத் தெரியாத அலைகளால் மூளையைத் தாக்குகிறார்கள் என்ற பேச்சு 2016இன் இறுதியில் கியூபாவின் ஹவானாவில் இருந்த அமெரிக்கத் தூதரக ஊழியர்களிடமிருந்து பரவியது. விசித்திரமான ஒலி, தலைச்சுற்று, நினைவுத் தடுமாற்றம். துடிப்பலையாக வரும் நுண்ணலையால் தலைக்குள் ஒலி கேட்கச் செய்ய முடியும் என்பதை அலன் பிரே 1960களின் தொடக்கத்திலேயே காட்டியிருந்தார், அது உண்மை. ஆனால் அதிலிருந்து மூளையைச் சிதைக்கும் ஆயுதம் வரை நீண்ட தூரம். ஊழியர்கள் பதிவுசெய்த ஒலி ஒன்று ஒருவகைச் சில்வண்டின் சத்தம் என்று 2019இல் இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆராய்ந்த காரணங்களில் நுண்ணலையே மிகவும் ஏற்கத்தக்க விளக்கம் என்று 2020இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்களின் குழு சொன்னது. வெளிநாட்டு எதிரி காரணமாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்று 2023இல் அவர்களுடைய புலனாய்வு அமைப்புகளில் பெரும்பாலானவை முடிவுசெய்தன. 2024இல் வெளியான மூளைப் படிமச் சோதனைகளிலும் குறிப்பிடத்தக்க காயம் தெரியவில்லை. அந்த ஊழியர்களின் துன்பம் மெய்யானது. ஆயுதம் இருந்தது என்பதற்கு ஆதாரம் வெளிப்படவில்லை.

இதை ஒரு காரணத்துக்காக அழுத்திச் சொல்கிறேன். தன் தலைக்குள் யாரோ பேசுகிறார்கள், கோபுரத்திலிருந்து அலை அனுப்புகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு வரும் இளைஞர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் சிகிச்சை உள்ள ஒரு நோய். இந்தக் காணொளிகளை அவர்களுக்கு அனுப்பினால் வைத்தியரிடம் போகாமல் இருந்துவிடுவார்கள். உங்கள் வகுப்பில் யாராவது அப்படிப் பேசினால் சிரிக்காதீர்கள். வீட்டாரிடம் சொல்லி மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போகச் செய்யுங்கள்.

எதிரியின் மூளையைவிடத் தங்கள் வீரர்களின் மூளையில்தான் இராணுவங்கள் அதிகம் கைவைத்திருக்கின்றன. 1940 ஏப்ரலிலிருந்து ஜூலை வரை ஜெர்மன் படைகளுக்கு 35 மில்லியன் மெதம்பெட்டமைன் மாத்திரைகள் அனுப்பப்பட்டன. உறக்கமில்லாமல் நாட்கணக்கில் முன்னேற அது உதவியது, பிறகு அடிமைப்படுத்தியது. 2002 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானின் கந்தகாருக்கு அருகே, இரவுப் பயிற்சியில் இருந்த கனேடிய வீரர்கள் நால்வரை அமெரிக்க விமானம் ஒன்று எதிரி என்று நினைத்துக் குண்டு வீசிக் கொன்றது. விமானிகள் விழித்திருக்க டெக்ஸ்ரோஅம்பெட்டமைன் எடுத்திருந்தார்கள். மாத்திரையே காரணம் என்பதை விசாரணை ஏற்கவில்லை, நானும் அப்படி அடித்துச் சொல்ல மாட்டேன். என்னை உறுத்துவது அவர்கள் கையெழுத்திட்ட சம்மதப் படிவம். மாத்திரை எடுப்பது விருப்பத்தின்பேரில் என்று எழுதியிருந்தது. எடுக்காவிட்டால் பறக்கத் தகுதியற்றவர் என்று தளபதி தீர்மானிக்கலாம் என்றும் அதிலேயே எழுதியிருந்தது. என் நோயாளியிடம் இப்படி ஒரு படிவத்தை நீட்டியிருந்தால் அதைச் சம்மதம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மூளையின் மின்னலைகளைப் படிக்கும் கருவிகளும் உண்டு. நிலாவெளிக் கடற்கரையில் கரைவலை இழுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களை வழிநடத்தும் மண்டாடி கடலைப் பார்த்துக்கொண்டே நிற்பார். நீரின் நிறத்தில் ஏதோ மாறியதும் வலையைத் திருப்பச் சொல்வார். என்ன கண்டீர்கள் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. எதிர்பார்த்த ஒன்று கண்ணில் பட்டு ஏறத்தாழ 0.3 வினாடியில் மூளையில் ஒரு மின்னலை எழுகிறது, பீ300 என்பார்கள். அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டார்ப்பா, காவல் நிற்கும் வீரரின் தலையில் மின்வாய்களைப் பொருத்தி அந்த அலையைப் பிடித்தது. கமெராவும் கணினியும் மட்டும் இருந்தபோது மணிக்கு 810 தவறான எச்சரிக்கைகள்; மனித மூளை சேர்ந்ததும் ஐந்தாகக் குறைந்தன. தவறு குறைவது நல்லதுதானே என்பீர்கள். காவலுக்கு மட்டும் என்றால் நல்லதுதான். ஆனால் மண்டாடி தவறினால் வெறும் வலை வரும். அந்த அலையை நேரே துப்பாக்கியோடு இணைத்துவிட்டால், வீரர் தனக்கே தெரியுமுன் சுட்டிருப்பார். தோன்றுவதற்கும் துணிவதற்கும் நடுவில் மனிதருக்கு ஒரு நொடி வேண்டும். அந்த நொடியைப் பறிக்கும் எந்த வடிவமைப்பையும் நான் எதிர்ப்பேன்.

விசாரணை அறைக்கு மூளை அறிவியல் போவதை நினைத்தால் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. அமெரிக்க உளவுத்துறை 1953இல் ஆரம்பித்த எம்கே அல்ட்ரா திட்டத்தில், அறியாத மனிதர்களுக்குக்கூட எல்எஸ்டி என்ற மாயத்தோற்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1973இல் கோப்புகளை அழிக்க உத்தரவிட்டது. இந்தியாவில் நார்கோ பரிசோதனை என்று செய்திகளில் வருகிறதே, அரை மயக்கத்தில் ஆளைப் பேசவைப்பது, அதில் பயன்படுத்துவது தயோபென்டோன், நான் ஆயிரக்கணக்கானோரை உறங்கவைத்த அதே மருந்து. உறக்கத்துக்குப் போகும்போதும் மீளும்போதும் மனிதர்கள் என்னென்னவோ சொல்வார்கள். கடன் பற்றி, பழைய காதல் பற்றி, நடக்காத சண்டை பற்றி. அது உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. அதைக் கேட்டு யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. 2008இல் புனே நீதிமன்றம் ஒன்று மூளை மின்னலைப் பரிசோதனையின் அறிக்கையையும் ஆதாரமாக எடுத்து ஒரு பெண்ணைக் குற்றவாளி என்று தீர்த்தது. 2010 மே 5ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம், செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில், சம்மதமில்லாமல் நார்கோ, பொய்யறியும் கருவி, மூளைப் பரிசோதனை எதையும் செய்யக் கூடாது என்று தீர்ப்பளித்தது. எங்கள் நாட்டிலோ, 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையே ஆதாரமாக ஏற்க இடமளித்தது. அந்த வாக்குமூலங்கள் எப்படிப் பெறப்பட்டன என்பதை இந்த மாவட்டத்தின் குடும்பங்கள் அறியும். அப்படிப்பட்ட அறைக்குள் மூளையைப் படிப்பதாகச் சொல்லும் ஒரு கருவி வந்தால், அது காட்டும் கோடுகளோடு வாதாட யாரால் முடியும்?

நல்லதும் நடக்கிறது. டார்ப்பா 2013இலிருந்து மூளை ஆய்வுக்குப் பெருந்தொகை கொடுத்து வருகிறது. குண்டு அதிர்ச்சியில் நினைவிழந்தவர்களுக்கும், கை இழந்தவர்களுக்கும், போரின் மனவடு ஆறாதவர்களுக்கும் உதவுவது அதன் நோக்கங்களில் ஒன்று. மூளையில் பதித்த மின்வாய்களால் எந்திரக் கையை அசைத்து, உடல் செயலிழந்த பெண் ஒருவர் தானாகச் சாப்பிட்டதை நான் கண்கலங்கித்தான் பார்த்தேன். அதே பெண்ணே எண்ணத்தால் போர் விமானத்தைப் போலச் செய்யும் பயிற்சிக் கருவியையும் ஓட்டிக் காட்டினார் என்று 2015இல் டார்ப்பாவின் தலைவர் சொன்னபோது என் மகிழ்ச்சி பாதியாயிற்று. தலையில் குண்டுச் சிதறலோடு வாழ்பவர்கள் இங்கும் இருக்கிறார்கள். 2009க்குப் பிறகு அவர்களைத் தேடி எந்த மின்வாயும் வரவில்லை. நோயாளிக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது விமானத்தை எட்டுவது இவ்வளவு எளிது, மூதூரை எட்டுவது இவ்வளவு கடினம் என்பது என்னை வாட்டுகிறது.

மனவடுவைப் பற்றி இன்னொன்று. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் புரொப்பிரனலோல், கொடிய நினைவின் கூர்மையை மழுங்கச் செய்யுமா என்று பார்த்த சிறிய ஆய்வொன்று 2002இல் நம்பிக்கை தந்தது. பின்வந்தவை அதை உறுதிசெய்யவில்லை. ஒருநாள் அது பலித்தால், பாதிக்கப்பட்டவருக்குக் கொடுப்பதை நான் வரவேற்பேன். சண்டைக்குப் போகுமுன் வீரருக்குக் கொடுப்பதை ஏற்க மாட்டேன். செய்ததை நினைத்து உறங்க முடியாமல் போகும் என்ற பயம், பொதுமக்களுக்கு இருக்கும் கடைசிக் காவல்களில் ஒன்று.

தடைகள் எல்லாம் வெறும் கடதாசி என்று உங்கள் ரியூஷன் நண்பர்கள் சொல்வார்கள். கண்ணைக் குருடாக்கும் லேசர் ஆயுதங்கள் போர்க்களத்தில் பரவுமுன்னரே 1995இல் ஒரு சர்வதேச நெறிமுறையால் தடைசெய்யப்பட்டன. சிலி நாடு 2021இல் மூளையின் செயற்பாட்டுக்கும் அதிலிருந்து கிடைக்கும் தகவலுக்கும் அரசியலமைப்பிலேயே பாதுகாப்புக் கொடுத்தது. 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தலையில் அணியும் கருவியொன்று சேகரித்த ஒருவரின் மூளைத் தகவலை அழிக்க உத்தரவிட்டது. 2025 நவம்பரில் யுனெஸ்கோ நரம்புத் தொழில்நுட்பத்தின் நெறிகள் பற்றி ஒரு பரிந்துரையை ஏற்றது. கட்டுப்படுத்தும் சட்டம் இல்லை என்றாலும் தொடக்கம். ஏன், எங்கள் நாட்டையே பாருங்கள். மிகக் கொடிய கிருமிநாசினிகளை 1995இலும் அதைத் தொடர்ந்தும் இலங்கை தடைசெய்தது. பத்து வருடங்களில் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. மக்களின் துயரம் பாதியாகவில்லை. கைக்கெட்டும் நஞ்சின் வீரியம் குறைந்தது, அவ்வளவுதான். நான் சொன்ன அந்தக் கட்டில் காலியாக இருந்த இரவுகளை என் கண்ணால் கண்டேன். ஆகவே ஒரு பொருளைத் தடைசெய்வதால் பயனில்லை என்று என்னிடம் யாரும் சொல்ல முடியாது.

பயப்பட வேண்டுமா என்று கேட்டீர்கள். படியுங்கள், மகள். உங்களைப் போன்றவர்கள் படிக்காவிட்டால் இந்த ஆய்வுகூடங்களில் கேள்வி கேட்க ஆள் இருக்காது. ஆய்வுக்குப் பணம் யார் தருகிறார், முடிவு யார் கைக்குப் போகும், பங்கேற்பவர் பாதியில் எழுந்து போகலாமா என்று சேர்ந்த முதல் நாளே கேளுங்கள். கேட்டதற்காக வேலை போகலாம். போனால் போகட்டும், வேறு ஆய்வுகூடம் கிடைக்கும்.

கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் சிறிதாக இன்னொரு கேள்வியும் எழுதியிருந்தீர்கள்: மொஸ்கோவில் மாற்று மருந்து இருந்திருக்காதா? இருந்தது. நலொக்சோன். பெண்டனில் பிடித்திருக்கும் வாங்கியிலிருந்து அதைத் தள்ளிவிட்டு, நின்ற மூச்சைச் சில நிமிடங்களில் மீட்கும். ஆனால் நலொக்சோனின் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் தேய்ந்துவிடும். மயக்கிய மருந்து அதைவிட நீண்டு நின்றால், எழுந்து உட்கார்ந்து பெயர் சொன்னவர் மறுபடி உறங்கி மூச்சை விட்டுவிடுவார். அதனால் ஊசி போட்டவர் எழுந்து போகக் கூடாது. பக்கத்திலேயே இருந்து, மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு, அடுத்த ஊசியைக் கையில் வைத்திருக்க வேண்டும்.